தலைக்கு ஒரு பாக்கு

அது தப்பு தங்கச்சி. அந்தப் பாத்திரக்கடைக்காரர் ரெண்டு மாதமாகச் சொந்த ஊரில் இருந்தார் என்று அவர் பெண்டாட்டி சொன்னால், அங்கே நம்புகிற மாதிரி தலையாட்டிவிட்டு வருகிறாய். இங்கே என் காதில் வந்து 'தாணேயில இருந்தாராம்' என்று குசுகுசுக்கிறாய். குசுகுசுக்காதே. சத்தமாகச் சொல். மனசுக்கு முடியாமல் போனது, தாணே ஆஸ்பத்திரியில் இருந்தார், சரியாகி வந்துவிட்டார், திங்கட்கிழமை கடை திறக்கப்போகிறார். அவ்வளவுதானே. காமாலை வந்தவரைப் பற்றிப் பேசும்போது இப்படியா குரலைத் தாழ்த்துகிறாய்?

சிரிக்காதே. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நீ தாராவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, உனக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத நான் மாட்டுங்காவில் ஒரு சங்கத்தின் கமிட்டியில் பதினொரு வருஷம் இருந்தேன். நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலி. உட்கார், சொல்கிறேன்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம் அது. அப்போதெல்லாம் பம்பாயில் ஒருவனைப் பைத்தியம் என்று வைய வேண்டுமானால் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ப் பேர் ஒன்று போதும். 'உனக்குத் தாணேக்கு டிக்கெட் எடுக்கணும்ல' என்பார்கள், எதிராளி அடிக்க வருவான். தாணேயில் எத்தனை சனம் குடியிருக்கிறது. என் அண்ணன் மகளையே அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. அவளை எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், கல்யாண் ஊரை ஒட்டி என்பாள். புருஷன் வீட்டு ஊரைச் சொல்லக் கூசினாள் பாவம்.

என் வீட்டில் அப்போது ஒரு சங்கதி இருந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார். அவளை மாஹிமில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதன் பிறகு பேச்சு நின்றது, தூக்கம் நின்றது, ஒருநாள் தண்டவாளத்தோடு நடந்து பாந்திரா வரைக்கும் போய்விட்டாள். புருஷன் வீட்டார் கொண்டுபோய் தாணே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டு மாதம். அங்கே மருந்து கொடுத்தார்கள், தூங்க வைத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தார்கள். நல்லபடியாகத் தேறினாள். அந்த டாக்டர்கள் நன்றாக இருக்கட்டும். கூட்டிப்போகலாம் என்று தகவல் வந்தபோது புருஷன் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. நாங்கள்தான் போய்க் கூட்டிவந்தோம்.

கூட்டிவந்து என்ன செய்தோம் தெரியுமா? எங்கள் ஒற்றை அறைக் கோலிக்குள் என் பழைய சேலையைக் கட்டித் திரை போட்டு, அதற்குப் பின்னால் அவளை உட்கார வைத்தோம். கல்லிச் சந்தில் கேட்டவர்களிடம் 'ஊருக்கு அனுப்பியாச்சு' என்றோம். என் மகளுக்கு எட்டு வயது. 'நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை வேண்டாமா' என்பது என் வீட்டுக்காரரின் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை கழிப்பறைக்குப் போய் வருவாள், அதோடு சரி. இப்படிப் பதினாலு மாதம். ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட எங்கள் திரைக்குப் பின்னால் இருந்ததுதான் அதிகம். அங்கேயாவது ஒரு வேப்பமரம் இருந்தது என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

அடுத்த கோலிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். இவள் தும்மினால் அங்கே கேட்கும். அங்கே இருந்தவள் நல்ல மனுஷி, நாங்கள் எல்லோரும் மைனி என்று கூப்பிடுவோம். கேட்டும் கேட்காத மாதிரி ஒரு வருஷம் இருந்தாள். தும்மல் சத்தம் கேட்டால் உடனே தன் மகனைத் திட்டுவாள், ஏதோ அவன் தும்மிய மாதிரி.

நான் மாட்டுங்கா மார்க்கெட் வாசலில் வெற்றிலையும் பூவும் வைத்து விற்றேன். காலையில் தாதரில் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து நடந்து வருவேன். கும்பகோணம் வெற்றிலையா, பனாரஸா என்று தொட்டாலே சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு. பந்தயம் வேண்டுமானால் இப்போதும் வை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் தினமும் பூ வாங்குகிற மாமி ஒருத்தர் இருந்தார். வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸில் பெரிய வேலை. மாமியும், ஒரு டாக்டரும், சயனிலிருந்து வரும் ஒரு குஜராத்தி அம்மாவும் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். மனசு சரியில்லாமல் போவதும் ஒரு வியாதிதான், அது குணமாகும், குணமானவர்களை ஒதுக்காதீர்கள், வீட்டுக்குள் ஒளிக்காதீர்கள் என்று எடுத்துச் சொல்வதுதான் அந்தச் சங்கத்தின் வேலை. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மாமி ஒருநாள் ஒரு கட்டு நோட்டீஸைக் கொண்டுவந்து என் கூடை மேல் வைத்தார்.

"ஏம்மா, நீ தாராவிதானே. அங்கே பள்ளிக்கூட வராந்தாவில ஞாயித்துக்கிழமை கூட்டம். இதை எல்லார் ஆத்துக்கும் குடுத்துடு."

"இதுல என்ன மாமி எழுதியிருக்கு?"

மாமி படித்துக் காட்டினார். திரைக்குப் பின்னால் இருக்கிறவளைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய மாதிரி இருந்தது. நோட்டீஸை வாங்கிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவள் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைக்கிறாய்? மாமி, டாக்டர், குஜராத்தி அம்மா, நான், நிழலுக்கு வந்த ஒரு ஆடு. மறுநாள் ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலம் அந்த நோட்டீஸ்தான். அதை அப்படியே கொண்டுபோய் மாமியிடம் காட்டினேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தனை ஆசையா அச்சடிச்சோம். ஒருத்தர்கூட வரலையே. ஜனங்களுக்கு அக்கறையே இல்லையா?"

"அக்கறை இல்லாம இல்ல மாமி. நீங்க அழைச்ச விதம் சரியில்ல. கடுதாசியைக் குடுத்தா எங்க சனம் எதுக்கு வரும்? பாக்கு வச்சுல்லா அழைக்கணும்."

"கூட்டத்துக்கா? கல்யாணமா நடக்கப்போறது?"

"பாக்கு வச்சா எழவு வீட்டுப் பதினாறாம் நாளுக்கே வருவாவ. இதுக்கு வரமாட்டாவளா?"

எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதே, நீ வேலூர்க்காரி. எங்களில் ஒரு வீட்டை அழைத்தால், அந்த வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பாக்கு. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் ஒன்று. ஒன்று குறைந்தால் போச்சு. என் கல்யாணத்துக்கு என் பெரியப்பா வீட்டில் ஒரு பாக்கு குறைத்து வைத்துவிட்டார்கள் என்று மூன்று வருஷம் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. குறைந்த பாக்கு அவர் மாமியாருக்கு உரியது. அந்த மாமியாரைக் கண்டாலே அவருக்கு ஆகாது, அது வேறு விஷயம். அழைக்கப் புறப்படுகிறவள் முதலில் தன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். வைத்த பாக்கை வைத்தவள் திருப்பி எடுக்கக் கூடாது. யாருக்கு வைத்ததோ அவர்தான் எடுக்கலாம், அல்லது வேண்டாம் என்று தள்ளலாம்.

மாமி இதையெல்லாம் டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பினார். ஒரு டாக்டர் தங்கச்சி, வெற்றிலை விற்கிறவளைப் பார்த்து. பாக்கு சங்கம் வாங்கித் தந்தது. வெற்றிலை என் கூடையிலிருந்து. அது என் பங்காக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் என் வீட்டில் வைத்தேன். வாசல் பக்கத்துப் பலகையில் வெற்றிலை பரப்பி, எனக்கு, வீட்டுக்காரருக்கு, ரெண்டு பிள்ளைகளுக்கு. நாலு பாக்கு. வைத்துவிட்டுப் படி இறங்கினேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

வீடு வீடாகப் போனேன். "வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், வைப்பேன். எல்லோருக்கும் சந்தோஷம், ஏதோ விசேஷம் என்று. என்ன விசேஷம் என்று சொன்னதும் முகம் மாறும், ஆனால் பாக்கு வைத்தாயிற்றே, என்ன செய்ய முடியும்? சில வீடுகளில் கணக்கு உதைத்தது. பீடி சுற்றுகிற பெரியவர் வீட்டில் ஆறு பேர் என்பது எனக்குத் தெரியும். அவர் மூத்த மகன், முப்பது வயது ஆள், மேலே பலகை அடித்த மாலாப் பரணில்தான் ரெண்டு வருஷமாகப் படுத்திருக்கிறான். பெரியவர் 'அஞ்சு' என்றார். அஞ்சு வைத்தேன். இன்னும் ரெண்டு வீட்டிலும் அப்படித்தான். மனசுக்குள் நான் அவர்களை இளக்காரமாக நினைத்தேன். பெற்ற மகனைக் கணக்கில் சேர்க்க வாய் வரவில்லையே என்று.

கடைசியில் அடுத்த கோலி மைனி வீடு. அவள் பாக்கை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, எட்டி என் வாசல் பலகையைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்கு வச்சியா?"

"மொதல்ல வச்சிட்டுத்தான மைனி வாரேன்."

"நாலுதான இருக்கு."

மைனி என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எண்ணும்போது விட்டுப்போச்சு போல. ஒரு வருசமா எம் மவனுக்கு ஜலதோசம்னு இந்தக் கல்லியே சொல்லுது. அவனுக்கும் எத்தன நாளைக்குத்தான் நான் கஷாயம் குடுக்க?"

உண்மையிலேயே கொடுத்திருக்கிறாள் தங்கச்சி. அவளுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பயலுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பெரியவரை இளக்காரமாக நினைத்தேனே, அவரும் நானும் ஒரே ஜாதிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு டிரங்குப் பெட்டிப் பட்டறை லீவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்து, திரைக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

"அது யாருக்கு?" என்றார்.

"ஒங்க தங்கச்சிக்கு."

சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். "ஒனக்கென்ன கிறுக்கா? நாலு பேரு பாத்தா நாளைக்கு நம்ம பிள்ளைய எவன் கேட்டு வருவான்? ஏட்டி, எடு அத."

"வச்ச பாக்க நான் எடுக்கக் கூடாது. நீங்களும் எடுக்கக் கூடாது, ஒங்களுக்கு வைக்கல."

அவரால் வழக்கத்தை மீற முடியவில்லை. திட்டினார், கையைக் கழுவினார், மறுபடி திட்டினார். பாக்கைத் தொடவில்லை. நானும் அவரும் அந்த ஒரு பாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவள் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. ஆயுசுக்கும் திரைக்குப் பின்னால்தான். அது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

திரை விலகியது. என் நாத்தனார் வந்து குனிந்து, பாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் மைனி, வெத்தல எங்க? வெறும் பாக்க வச்சா யாரு வருவா?"

வெற்றிலை விற்கிற நான், அவசரத்தில் வெற்றிலை வைக்க மறந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரிக்கிறார். பதினாலு மாதத்தில் அவள் பேசிய முதல் கேலி அது. ஓடிப்போய்க் கூடையில் நல்ல கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து எடுத்து வந்தேன். அவள் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, அங்கேயே போட்டுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

பிறகு நான் செய்ததைத்தான் நீ கேட்க வேண்டும். தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்து, கணக்கு உதைத்த வீடுகளுக்கு மறுபடி போனேன். பட்டப்பகல் பதினொரு மணி. குழாயடியில் அத்தனை பொம்பளைகளும் நிற்கிறார்கள். ஒருத்தி, நல்ல மனசுக்காரிதான், எங்களுக்கு மானம் போகக் கூடாது என்று, "வா தாயி, ஊர்லேருந்து எப்ப வந்தே?" என்றாள்.

"நான் எங்க ஊருக்குப் போனேன்? தாணே ஆஸ்பத்திரியில எட்டு மாசம் இருந்தேன். பொறவு இந்தா, எங்க கோலியில திரைக்குப் பின்னால இருந்தேன்" என்றாள் என் நாத்தனார். குரல் நடுங்கியது, தாம்பாளம் நடுங்கவில்லை. "ஞாயித்துக்கிழம எல்லாரும் வந்துருங்க."

பெரியவர் வீட்டில் அவள்தான் பேசினாள்.

"தாத்தா, ஒரு பாக்கு குறையுது."

"அஞ்சு பேருதானம்மா."

மேலே மாலாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆறுப்பா."

பெரியவர் சுற்றிக்கொண்டிருந்த பீடியை அப்படியே முறத்தில் போட்டார். என் நாத்தனார் ஆறாவது பாக்கை வெற்றிலையோடு எடுத்து, ஏணியின் மேல் படியில் வைத்துவிட்டு வந்தாள். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மற்றொரு வீட்டில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வராந்தா கொள்ளவில்லை. மாமி வாசலில் நின்று, "ஈஸ்வரா, இத்தனை பேரா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்காலி போதாமல் சனம் தரையில், படியில், குழாய்த் திட்டில் எல்லாம் உட்கார்ந்தது. டாக்டர் இங்கிலீஷில் பேசினார், மாமி தமிழில் சொன்னார். மாமியின் தமிழை நான் எங்கள் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் ஒரு பெஞ்சு போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் அதில் உட்காரலாம் என்றார் மாமி, மரியாதை செய்வதாக நினைத்துத்தான். என் நாத்தனார் எழுந்து, "நான் எங்க வீட்டோட வந்தேன் மாமி, எங்க வீட்டோடயே இருக்கேன்" என்றாள். மாமியே அந்த பெஞ்சை இழுத்து ஓரத்தில் போட்டார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் தனி பெஞ்சு கிடையாது.

என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பாக்கு வைத்ததால் வந்தார், வந்து வராந்தாவை ஒட்டிய பீடிக்கடை ஓரமாகவே நின்றார். பெரியவர் தன் மகனைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு பெரியவர், எல்லாம் தெரிந்தும், என் நாத்தனாரைக் காட்டிக் கேட்டார்.

"அது யாரு தம்பி?"

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து 'ஊர்க்காரப் பிள்ள' என்று வந்துவிட்டால், அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவள் மறுபடி திரைக்குப் பின்னால்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"எந் தங்கச்சி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாக, "தாணே ஆஸ்பத்திரியில இருந்தா. நல்லாயிட்டா. எங்க வீட்டுலதான் இருக்கா" என்றார்.

"இவன் எம் மவன்" என்றார் பெரியவர். "மாலாவுல இருந்தான்."

அவ்வளவுதான். கைதட்டல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டறைக்கார மனுஷனைக் கட்டியதற்காக என் வாழ்நாளில் நான் பெருமைப்பட்ட நாள் என்றால் அதுதான். அன்றைக்கு அவருக்கு ரெண்டு முட்டை வைத்தேன்.

அவள் புருஷன் வீட்டார் வரவே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் பார்த்தோம். அப்புறம் அவளே, 'வேண்டாம் மைனி' என்று சொல்லிவிட்டு என் கூடையில் பூப் பாதியை எடுத்துக்கொண்டாள். இப்போது அவள் கட்டுகிற கதம்பத்துக்குத்தான் கோயில் குருக்கள் ஆள் அனுப்புகிறார், என்னுடையதற்கு இல்லை. என் மகளுக்கு என்ன ஆனது என்கிறாயா? மாப்பிள்ளை வந்தான், உல்லாஸ்நகரிலிருந்து. பெண் பார்க்க வந்தபோது காபி கொண்டுவந்து வைத்தவளே என் நாத்தனார்தான். எல்லாம் தெரிந்துதான் கட்டினார்கள்.

சங்கம் அதற்குப் பிறகு நோட்டீஸ் அடிப்பதை விட்டது. செம்பூரில் கூட்டமா, கூப்பிடு வெற்றிலைக்காரியை. அங்கே வேறு ஜில்லாக்காரர்கள், தலைக்கு ஒரு பாக்கு என்றதும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வந்தார்கள் இல்லையா? கமிட்டியில் என்னைச் சேர்த்த அன்று ஒரு பெரிய நோட்டில் கையெழுத்து கேட்டார்கள். கட்டைவிரலை வைத்தேன். பக்கத்தில் டாக்டர் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. என் ரேகைதான் அந்தப் பக்கத்திலேயே பெரியது, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன். நாளைக்குப் பாத்திரக்கடைக்காரர் வீட்டில் போய், உடம்பு தேவலையா, தாணேயில் சாப்பாடெல்லாம் எப்படி என்று நேராகவே கேள். அவர் பெண்டாட்டி முதலில் முறைப்பாள். பரவாயில்லை, இன்னொரு தடவை கேள். நானும் வருகிறேன், ஒரு கவுளி வெற்றிலை எடுத்துக்கொண்டு. அவரிடம் நீ என்ன சொல்ல வேண்டும் என்றால்...

"மைனி, பேச்ச விடுதியளா? ஸ்டவ்வுல பால வச்சிட்டுப் போய் எவ்வளவு நேரம்? நான் பூக் கட்டிக்கிட்டு இருக்கேன், கை ஒழியல."

கேட்டாயா, என் நாத்தனார்தான். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் இப்போது பேசுவாள். இரு, பால் பொங்கிவிட்டது, தீய்கிற வாசனை வருகிறது.